ஒன்றேகாலுக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவே

அரசாங்கம் மோனிஷாவுக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் செங்கரட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஒன்றேகால், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, தறிப்பட்டறைகள் வழக்கம்போல் ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தன, அது வந்ததற்கு மேளமும் இல்லை தாளமும் இல்லை, யாரிடமும் வழி கேட்காமல் நேராக உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அரையாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டது.

மோனிஷா யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அர்த்தனாரி முதலாளியின் பட்டறையில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் கோகிலவாணிக்கும், அங்கேயே நைட் ஷிப்ட் தறி ஓட்டும் மாரப்பனுக்கும் ஒரே மகள். வாயால் கேட்டால் பாடம் முழுவதும் சொல்லுவாள், அசோகர் எதற்கு அழுதார் என்பதை ஏதோ பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொல்லுவாள், காகிதத்தைக் கண்டால் மட்டும் அத்தனையும் போச்சு. எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொள்ளும், ஒவ்வொன்றாய் இறக்கிவிட்டு, வரிசையில் நிற்க வைத்து, அவள் ஒரு கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பதில் எழுதிப் பக்கம் திருப்பியிருப்பார்கள். டியூப்லைட் என்றார்கள், சோம்பேறி என்றார்கள், திமிர் என்றார்கள். கோகிலவாணியும் அதையெல்லாம் நம்பிப் பிள்ளையைக் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறாள், அடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வந்து போகும் சிறப்பு ஆசிரியை கிரேசி டீச்சர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தது. "ஏனுங்கக்கா, உங்க பாப்பாவுக்கு அறிவுல ஒரு கொறையும் இல்லீங்க. படிக்கறதும் எழுதறதும் மட்டும் அவளுக்கு மெதுவாத்தான் வரும், கற்றல் குறைபாடும்பாங்க. பார்வை மங்குனவங்களுக்குக் கண்ணாடி குடுக்கறோமில்லீங், அது மாதிரி இவளுக்கு நேரம் குடுத்தாப் போதும்."

"நேரத்த யாருங் குடுப்பாங்க?" என்று கோகிலவாணி கேட்டாள். அவளுக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை.

"அரசாங்கம் குடுக்குமுங்க. பரீட்சையில ஒரு மணி நேரம் சேர்த்தி எழுதலாம்."

அப்புறம் பெரியாஸ்பத்திரிக்கு நடந்த நடையும், அங்கே டாக்டர் மோனிஷாவை எழுத வைத்துப் பார்த்ததும், கையெழுத்து வாங்கக் காத்துக் கிடந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான், அதில் மாயம் ஒன்றும் இல்லை. மாயம் டிசம்பரில் வந்தது. ஒன்றேகாலுக்கு மணி அடித்து மற்ற பிள்ளைகளெல்லாம் தாளைக் கொடுத்துவிட்டு ஓடிப்போக, ஹால் டூட்டியில் இருந்த சாவித்திரி டீச்சர், இந்த ஒருத்திக்காக நான் பஸ்ஸை விட வேண்டியிருக்குதே என்று முனகிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், முள் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பையன் எறிந்த பந்து ஆகாயத்திலேயே நின்றது, வேப்பமரத்துக் காக்கா ஒன்று பாதி கரைந்த வாயோடு நின்றது, அறைக்குள்ளே மட்டும் ஒரு மணி நேரம் சாவகாசமாக ஓடியது. டீச்சர் பையைத் திறந்து ஒரு கட்டு விடைத்தாளை எடுத்துத் திருத்தி முடித்தார். மோனிஷா கடைசிக் கேள்வி வரை எழுதி, அடியில் கோடு போட்டு, தாளைக் கொடுத்தாள். பந்து கீழே விழுந்தது. மணி ஒன்றேகாலே ஆகியிருந்தது, டீச்சருக்குப் பஸ்ஸும் கிடைத்தது.

அந்தப் பரீட்சையில் மோனிஷா எல்லாப் பாடமும் பாஸ். கோகிலவாணி மார்க் அட்டையைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தாள். அன்று ராத்திரி மூன்று பேரும் புரோட்டா வாங்கித் தின்றார்கள்.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிளப்பதற்கு யாருக்கு நேரம் இருந்தது? சாவித்திரி டீச்சர் ஆசிரியர் அறையில் சொன்னதெல்லாம், "அந்தப் புள்ளகூட உக்காந்தா வேல ஓடுதுப்பா" என்பதுதான். மறுநாளிலிருந்து அந்த ஹால் டூட்டிக்கு அடிதடி. பரீட்சை முடிந்த பிறகும் தினம் ஒன்றேகாலுக்கு அந்த ஒரு மணி நேரம் தவறாமல் வந்து மோனிஷாவைச் சுற்றி நின்றது, அவள் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களுக்கும் கிடைத்தது, ஆகவே வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை அவளைச் சுற்றி உட்கார வைத்து ரிவிஷன் நடத்தினார்கள். ஒன்பது வருஷம் கடைசி பெஞ்சில் கிடந்தவள் வகுப்பின் நட்டநடுவே வந்தாள். "அம்மா, எல்லாரும் எங்கூட உக்கார்றாங்கம்மா" என்று வீட்டில் வந்து சொன்னபோது பிள்ளையின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கோகிலவாணிக்கு அந்த ஏற்பாட்டில் என்ன தப்பென்று யோசிக்கத் தோன்றவில்லை.

செங்கரட்டில் ஒரு வழக்கம் உண்டு, உறைமோர் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சாதி பார்க்கமாட்டார்கள், சண்டை பார்க்கமாட்டார்கள், விளக்கு வைத்த பிறகு மட்டும் தரமாட்டார்கள், மற்றபடி ஒரு கரண்டி மோர் கொடுத்தால் குறைந்தா போய்விடும், அங்கேயும் தயிராகும் இங்கேயும் தயிராகும் என்பது கணக்கு. கோகிலவாணி பிள்ளையின் மணி நேரத்தையும் உறைமோர்க் கணக்கில்தான் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகாலுக்கு அடுத்த வீட்டுக்காரி மிளகாய் முறத்தோடு வந்து, "கொஞ்சம் உன்ற மககிட்ட உக்காந்துக்கறேன் கண்ணு, பொழுது பத்தவே மாட்டேங்குது" என்றால், உட்காருங்க என்றாள். கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் பஞ்சராகி முகூர்த்தம் தப்பிவிடும் போலிருந்தபோது பிள்ளையை பைக்கில் வைத்து வேன் நின்ற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள், முகூர்த்தம் இழுத்துப் பிடித்து நிறுத்தப்பட்டது, பொண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அர்த்தனாரி முதலாளி தாமே வீடு தேடி வந்தார். "லீவு நாள்ல நம்ம பட்டறையில ஒன்னேகாலுக்கு வந்து சும்மா உக்காந்திருக்கட்டும் அம்மிணி, ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்றார், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே ஃபேன் போட்டு, பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் தறி பூராவும் ஓடியது, கரண்டு மீட்டர் மட்டும் ஓடவில்லை. முதலாளி மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாரப்பனும் சும்மா இருக்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்த உடம்பு, மகள் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, ஒரு மணி நேரம் சேர்த்துத் தூங்கினான். கோகிலவாணியும் ஒருநாள் அந்தப் பாயின் ஓரத்தில் சாய்ந்தாள், சாய்ந்தவள் தூங்கியே போனாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பட்டப்பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை. எழுந்தபோது மகள் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி வந்தபோது ஊரில் ஒருத்தரும் மோனிஷாவின் பக்கத்தில் வந்து உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அந்த மணி நேரம் ஊருக்குப் பழகிவிட்டது. ஒன்றேகால் ஆனால் அது தானாகவே தெருத்தெருவாய்ப் பரவி, பட்டறைக்குப் பட்டறை நுழைந்து, டீக்கடை, ரேஷன் கடை, சலூன் என்று எல்லா இடத்திலும் ஒரு விரல்கடை அளவு தங்கிவிட்டுப் போனது, ஜனங்களும் அதை நம்பியே காரியங்களைத் தள்ளிப்போடப் பழகிவிட்டார்கள், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எப்பவும் இருக்கறதுதானே" என்றார்கள். நல்ல ஜனங்கள்தான். கெட்ட எண்ணம் என்று ஒருத்தரிடமும் சொல்ல முடியாது.

முதலில் கவனித்தது மோனிஷாதான். "அம்மா, இப்பல்லாம் அந்த நேரம் சீக்கிரம் தீந்துபோயிருதும்மா. ஒரு கேள்விய படிக்கறதுக்குள்ள பெல் அடிச்சர்றாங்க."

"வேகமா எழுது சாமி" என்றாள் கோகிலவாணி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பத்து வருஷமாய் எல்லா டீச்சரும் சொன்ன அதே பேச்சு. பிள்ளை சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

முதல் ரிவிஷன் பரீட்சையில் மோனிஷா நாலு பாடத்தில் பெயில். ஒன்றேகாலிலிருந்து ஒன்றேகால் வரைக்கும் இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருந்தது. தலைமையாசிரியை கோகிலவாணியை வரச் சொல்லியிருந்தார். இரண்டாவது ரிவிஷன் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே, தன் அறை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"நூத்துக்கு நூறு ரிசல்ட் காட்டணும்னு மேல இருந்து உயிர வாங்கறாங்க. உங்க பொண்ணு ஒருத்தியால எங்க பேரு கெடணுமா? பேசாம டி.சி. வாங்கிட்டுப் போயி, வீட்ல இருந்து தனியா எழுத வைங்க. இல்லாட்டி தறிக்கு அனுப்புங்க, பொம்பளப் புள்ளதானே."

கோகிலவாணிக்கு அந்த வாசல் புதிது இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இப்படி எத்தனையோ வாசலில் நின்றவள். முன்னெல்லாம் அழுகை வரும், கோபம் வரும், காலம் போகப்போக அவளுக்கு ஒரு வித்தை கைவந்தது, யாராவது பேச ஆரம்பித்ததும் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் அணைத்துவிடுவாள், காது கேட்கும், சொல் உள்ளே போகாது, கால் நிற்கும், தரை தெரியாது. அன்றும் அப்படித்தான் மரத்துப்போய் நின்றாள். நின்றுகொண்டிருந்தபோது ஒன்றேகால் வந்தது, ஊருக்கெல்லாம் வந்ததுபோல் அவளுக்கும் ஒரு சொட்டு வந்தது, அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதை வைத்து ஒன்றும் நினைக்கவில்லை, ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

சாயங்காலம் மோனிஷா சொன்னாள், "இன்னிக்குக் கொஞ்சம் சேர்த்தி வந்துச்சும்மா. ஒரு கேள்வி முழுசா எழுதுனேன்."

கோகிலவாணி மறுநாள் தார் மெஷின் பக்கத்தில் நின்று அதையே செய்து பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். செலவு பண்ணாத நேரம் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது, ஒரு கேள்வி, தினமும் ஒரே ஒரு கேள்வி.

அவள் முதலில் முதலாளியிடம்தான் போனாள். "பரீட்ச நடக்கற நாளு மட்டும் ஒன்னேகாலுக்குத் தறிய நிறுத்தி, எல்லாரும் சும்மா இருந்தீங்கன்னா எம்புள்ளைக்குத் திரும்பி வந்துருமுங்க."

அர்த்தனாரிக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. "ஊரே எடுக்குது அம்மிணி. நான் ஒருத்தன் விட்டா உன்ற புள்ளைக்கு எத்தன வந்துரப்போகுது? ஒரு விரல்கடை. அதுக்குத் தறிய நிறுத்தச் சொல்றியே." மகளுக்கு ஒரு சுடிதார் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரி முயற்சி பண்ணினாள், பாவம், நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஆனால் கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்கிறதா, மருமகள் அன்றைக்குச் சொன்ன சொல்லை எடுத்து வைத்து மென்றுகொண்டிருந்தாள், அதிலேயே அவள் பங்கு தீர்ந்துபோயிற்று. சாவித்திரி டீச்சரும் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, முடியலீங்க என்று சொல்லிவிட்டார். மாரப்பன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தான், மகளை நினைத்து அழுகை வந்துவிட்டது, அழுகைக்கும் நேரம் செலவாகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

யாரால் முடியும் என்று கோகிலவாணி யோசித்தாள். அதற்குப் பதில் தலைமையாசிரியை அறை வாசலிலேயே இருந்தது. அங்கே தினமும் யாராவது ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். இடியாப்பம் விற்கிற நசீமா, அவள் மகனுக்கு எட்டாம் வகுப்பிலும் வாய்பாடு நிற்கவில்லை. செங்கல் சூளையிலிருந்து ஒருத்தி, கேஸ் ஏஜென்சியில் கணக்கெழுதுகிற ஒருத்தி, கார் வைத்திருக்கிற வீட்டிலிருந்துகூட ஒருத்தி, இத்தனை நாள் தன் பிள்ளை விஷயத்தை வெளியே சொல்லாமல் மூடி மூடி வைத்திருந்தவள். கோகிலவாணி ஒவ்வொருத்தியாய்ப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒண்ணும் நெனைக்கக் கூடாது, அவ்வளவுதான?" என்றாள் நசீமா. "அதாம்மா எனக்குப் பொழப்பே. வர்றேன்."

"சாமிகிட்ட வேண்டிக்கக்கூடக் கூடாதுங்கக்கா."

"வேண்டிக்கிட்டதெல்லாம் போதும் போ."

டி.சி. வாங்க மாட்டேன் என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள், கிரேசி டீச்சரும் கூட வந்து நின்று பேச, தலைமையாசிரியை என்னமோ பண்ணுங்க என்று விட்டுவிட்டார். பொதுத்தேர்வு முதல் நாள், தமிழ். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கேட்டுக்கு முன்னால் விபூதியும் வாட்டர் பாட்டிலுமாய் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவரோரம், வெயிலில், வரிசையாக நின்றார்கள். ஒன்றேகால் ஆனது. ஊர் தன் பங்கை எடுத்துக்கொண்டது, பட்டறைச் சத்தம் ஒரு துளி குறையவில்லை. இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் சுட்டதை எடுத்துக்கொள்ளவில்லை, தாகத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நசீமாவின் கழுத்தில் எறும்பு ஊர்ந்தது, அவள் அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததெல்லாம் அவர்களைத் தொட்டுவிட்டு அப்படியே சுவரைத் தாண்டிப் போனது. உள்ளே மோனிஷாவுக்கு முழு ஒரு மணி நேரம் கிடைத்துவிடவில்லை, பாதிகூட இல்லை, ஆனாலும் எழுத்துகளை இறக்கி வரிசையில் நிறுத்துவதற்குப் போதுமானதாய் இருந்தது. வெளியே வந்து, "ஒரே ஒரு கேள்விதாம்மா விட்டேன்" என்றாள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாய் இருந்தது எது என்று கேட்டால், சும்மா நிற்பது அல்ல. உள்ளே உட்கார்ந்து எழுதுகிற பிள்ளையை நினைக்காமல் நிற்பது. பேனாவில் மை இருக்கிறதா, காலையில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாளே, பயந்தால் நகத்தைக் கடிப்பாளே என்று ஒரு நினைப்பு தலை நீட்டினால் போதும், அந்த நினைப்பு பிள்ளையின் நேரத்தைத்தான் தின்னும். கோகிலவாணி அந்தத் தலையைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளினாள். மகளின் பெயரை அணைத்தாள், முகத்தை அணைத்தாள், தனக்கு மகள் என்று ஒருத்தி இருப்பதையே கடைசியில் அணைத்தாள்.

அணைத்ததை மறுபடி ஏற்றுவதுதான் லேசில் நடக்கவில்லை. தமிழ்ப் பரீட்சை அன்று சாயங்காலமே உடம்புக்கு உணர்வு திரும்பிவிட்டது. ஆங்கிலப் பரீட்சைக்கு மறுநாள் வரை ஆயிற்று. கணக்குப் பரீட்சை முடிந்த ராத்திரி சுடுகஞ்சிப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தாள், மாரப்பன் அலறிய பிறகுதான் கை கொப்பளித்திருப்பதைப் பார்த்தாள். செங்கல் சூளைக்காரிக்குப் புளிப்பும் உப்பும் ஒன்றாகிவிட்டதாம். "நமக்கென்ன கெரகமோ, வுடு" என்றார்கள், அடுத்த பரீட்சைக்கும் வந்து நின்றார்கள், ஒருத்தியும் விட்டுவிட்டுப் போகவில்லை.

கடைசிப் பரீட்சை சமூக அறிவியல், பக்கம் பக்கமாய் எழுத வேண்டியது. அன்றைக்கு அந்தச் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தவர்கள் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஐஸ் வண்டிக்காரன் மணியை அடித்துக்கொண்டே வந்தவன், அவர்களைக் கடக்கும்போது மட்டும் கையால் மணியைப் பொத்திக்கொண்டு போனான். ஒன்றேகால் வந்தது, தொட்டது, தாண்டிப் போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு மணி அடித்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளாமல் முந்தானையை உதறிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மோனிஷா ஓடி வந்தாள். "எல்லாத்தையும் எழுதிட்டேம்மா! ஒண்ணுகூட விடல. மேப்புல அஞ்சு எடமும் குறிச்சிட்டேன், அடிக்கோடெல்லாம் போட்டுட்டேன்!"

இதற்காகத்தான் இத்தனையும். கோகிலவாணி சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே தட்டிப் பார்த்தாள், கூப்பிட்டும் பார்த்தாள், ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

"அப்பிடியா கண்ணு" என்றாள்.

இரண்டு பேரும் நடந்தார்கள். கேட்டுக்கு முன்னால் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து, திருநீறு பூசி, முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோனிஷா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"திவ்யாவோட அம்மா மூணு மணி நேரமும் அவளையே நெனச்சுக்கிட்டு சாமி கும்பிட்டாங்களாம்மா. நீயும் என்னய நெனச்சுக்கிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொய் சொல்வதற்குக்கூட உள்ளே ஏதாவது ஒன்று அசைய வேண்டியிருக்கிறது.

"இல்ல சாமி. நெனைக்கல."

"துளிகூடவா?"

"துளிகூட நெனைக்கல."

மோனிஷா நின்றாள். அம்மாவின் முகத்தை, ஒரு கேள்வித்தாளைப் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்த்து முடித்ததும் அம்மாவின் கொப்பளித்து ஆறிக்கொண்டிருந்த கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், ரோட்டோரத்தில், எல்லாரும் பார்க்க, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

கன்னம் நனைந்திருந்தது என்பது, கையை எடுத்து வெயிலில் பார்த்த பிறகுதான் கோகிலவாணிக்குத் தெரிந்தது.